கடைசியாகப் பேசியது யாரிடம்?

ஸ்கேன் அறைக்குள் போகும் பெண்களிடம், உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். அந்த டாக்டர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஊக்கு எத்தனை?" என்பார். இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்ற பதில் யோசிக்காமல் வந்துவிடும். எத்தனை என்று கேட்டால் கை தானாகத் தாலிச் சரட்டுக்குப் போகும். அங்கே இரண்டு கிடைக்கும். ரவிக்கையின் உள்பக்கம் ஒன்று. "அவ்ளோதாம்மா" என்று அந்தப் பெண் சொன்ன பிறகும் டாக்டர் கையை நீட்டியபடியே நிற்பார். புடவை மடிப்பிலிருந்து இன்னொன்று வரும்.

ஆண்களுக்கு வேறு கேள்வி. "அரைஞாண் வெள்ளியா, கயிறா?" கயிறு என்றால், "கயித்துல என்ன கோத்திருக்கு?" தாயத்து என்பார்கள். "தாயத்துக்குள்ள?" அது யாருக்கும் தெரியாது. கழற்றித் தட்டில் வைத்த பிறகுதான் கதவு திறக்கும்.

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் தரைத்தளத்தில் எம்.ஆர்.ஐ. பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. இப்போது அவர் அங்கே இல்லை. வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ஐம்பது வயதை ஒட்டியவர், குள்ளம். காதில் துளை இருந்தது, தோடு இருக்காது. நாள் முழுக்கக் காந்தத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் என்பதால் வளையலும் கடிகாரமும் கிடையாது. மணி தெரிய வேண்டுமென்றால் எதிரில் நிற்பவரின் மணிக்கட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "உங்க வாட்ச் சரியா ஓடுதா?" என்றும் கேட்பார்.

செவிலியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வக்கீலம்மா. கேன்டீன்காரர் புதுப் பால் என்று சொல்லி டீ கொடுத்தால், எப்போது கறந்தது, எப்போது காய்ச்சியது, மறுபடி சுட வைத்தது எத்தனை முறை என்று விசாரணை நடக்கும். "எம் பொண்டாட்டிகூட இவ்ளோ கேக்க மாட்டா சார்" என்று அவர் என்னிடம் முறையிட்டிருக்கிறார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அந்த டீயைத்தான் டாக்டர் குடிப்பார்.

நான் அப்போது ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளர். சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழு அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் புதிய முறை ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவரைப் பார்க்கப் போனேன். பக்கவாதம் வந்தவரின் மூளையில் எந்தப் பகுதி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, எந்தப் பகுதி எடுப்பதை நிறுத்திவிட்டது என்று அந்த முறை வண்ணத்தில் வரைபடமாகக் காட்டும். வாசகருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன்.

"கல்யாணப் பந்தியில பரிமாறி இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பாதிப் பந்தியில சோறு தீர்ந்துபோச்சு. இருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறீங்க. ஒரு இலையை ஒரு பருக்கை இல்லாம வழிச்சிருக்காங்க. இன்னொரு இலையில வெச்சது வெச்சபடியே இருக்கு. எங்கே ஆள் இருக்கு, எங்கே ஆள் எழுந்து போயாச்சு?"

"வழிச்ச இலையில ஆள் இருக்கு."

"மூளையிலயும் அதான். அடைப்பு வந்து ரத்தம் குறைஞ்சா, உயிரோட இருக்கிற இடம் வர்ற கொஞ்சத்துலேர்ந்தே ஆக்சிஜனை உறிஞ்சி எடுக்கும். செத்த இடம் தொடாது. ரத்தம் கொண்டுவந்ததை அப்படியே திருப்பிக் கொண்டு போயிடும். ஆக்சிஜனைக் கொடுத்துட்ட ரத்தம் காந்தத்துக்கிட்ட நடந்துக்கிறது கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அந்தக் கொஞ்சத்தைத்தான் இந்த மெஷின் பிடிக்குது."

எழுதிக்கொண்டேன். தலைப்பும் மனத்தில் வந்துவிட்டது. நேரம் கடந்தாலும் பக்கவாதத்திலிருந்து மீளலாம். படித்துக் காட்டினேன்.

"இதைப் போட்டீங்கன்னா, ராத்திரி கை மரத்துப்போனவன், காலையில பார்த்துக்கலாம்னு படுத்துடுவான்" என்றார். "ஜல்தியா வாங்கன்னு போடுங்க."

"அது புதுச் செய்தி இல்லையே டாக்டர்."

"இந்தப் படமும் இன்னும் செய்தி இல்ல. ஆராய்ச்சிதான். இதை மட்டும் வெச்சிக்கினு நாங்க யாருக்கும் வைத்தியம் முடிவு பண்றதில்ல. எந்திரமும் ஒரு சாட்சி சொல்லுது. அவ்வளவுதான்."

செய்தி நான்கு வரியாக, உள்பக்கத்தில் வந்தது. வெளிவந்த பிறகு அவர் தொலைபேசியில் அழைத்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் 'துல்லியமாக' என்று எழுதியிருக்கிறேனே, அதை யார் சொன்னது என்று கேட்டார்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்கப் போனேன். செய்திக்காக இல்லை. எங்கள் தொழிலில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒருவரிடமே ஒன்பது பக்கமும் சுற்றி வந்து கேட்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

மூளையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் உறைவைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. அடைப்பு விழுந்து சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமாகப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். அதனால் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, கடைசியாக இவர் நன்றாக இருந்தது எப்போது என்பதுதான். ஆனால் அதற்குள் மாவட்டம் முழுக்க ஒரு பாடம் பரவியிருந்தது. நேரம் ஆகிவிட்டது என்று சொன்னால் ஊசி போட மாட்டார்கள், 'இப்பதான்' என்று சொல்லிவிடு. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சொன்னார்கள். டீக்கடையில் சொன்னார்கள். ஏற்கெனவே ஒருவரைக் கொண்டுவந்து ஏமாந்தவர்கள், அடுத்து வருகிறவர்களுக்கு வாசலிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மருத்துவமனைக்கு வந்த எல்லோருக்கும் இப்பதான் கை விழுந்தது. இப்பதான் வாய் கோணிக்கொண்டது.

டாக்டர் இப்பதான் என்ற சொல்லை நம்பியதே இல்லை. மணியையும் கேட்க மாட்டார். மணியைக் கேட்டால் மணியில் பொய் வரும். கிளியனூர்ப் பக்கம் ஒரு கூலி விவசாயியின் வீட்டில் பிறந்தவர் என்பது அவர் கேட்கும் கேள்விகளிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

கெடாரிலிருந்து ஒரு விவசாயியை அவர் மகன் கொண்டுவந்த நாளில் நான் வராந்தாவில் இருந்தேன். மகனுக்கு முப்பது வயது இருக்கும். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தான்.

"இப்பதாம்மா. டீ குடிச்சிக்கினு இருந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

"கொல்லையில என்ன போட்டிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"மல்லாட்டை." வேர்க்கடலையைச் சொன்னான்.

"இன்னைக்கு மோட்டார் யார் போட்டது?"

"எங்கம்மா."

"தினமும் அம்மாதான் போடுவாங்களா?"

அவன் கை சட்டைப் பித்தானுக்குப் போனது.

"த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அப்பாதானே எழுந்து போவாரு? இன்னைக்கு ஏன் போவல?"

"அசதியா படுத்திருந்தாரும்மா. எழுப்பினோம். எழுந்திருக்கல. தூங்கறாருன்னு வுட்டுட்டோம்."

விவசாயத்துக்கு மின்சாரம் வந்தது பொழுது விடிவதற்கு வெகு முன்பு. வழக்கமான படங்களும் நேரம் கடந்துவிட்டதாகவே காட்டின. புதிய வரைபடத்தில் இடதுபக்கம் பெரிய பரப்பு எதையும் எடுக்காமல் கிடந்தது. நரம்பியல் டாக்டர் ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்த மகன் நரம்பியல் டாக்டரிடம் போகவில்லை. இவரிடம்தான் வந்தான்.

"படத்தைப் பார்த்துக்கினு ஆளைச் சாவ வுடறீங்களா?"

பூந்தொட்டி ஒன்றைத் தூக்கித் தரையில் அடித்தான். டாக்டர் ஓரடி பின்னால் போனார். மண் அவர் செருப்பில் சிதறியது. குனிந்து தட்டிக்கொள்ளவில்லை.

அந்த மனிதர் படுக்கையிலேயே சில மாதம் இருந்து இறந்துபோனார். ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியாது. அன்னைக்கே போயிருக்கலாம். எழுந்து நடந்தும் இருக்கலாம்."

"தெரியாதுன்னா, போட்டுப் பார்த்திருக்கலாமே?"

"பையன் சொன்னதை நம்பிப் போட்டு, ரத்தம் கசிஞ்சி அவர் போயிருந்தா, அந்தப் பையன் தொட்டியை உடைச்சிருக்க மாட்டான். டாக்டருங்க எல்லாம் செஞ்சாங்க, விதின்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருப்பான்" என்றார். "அவன் திட்டினது பரவாயில்ல" என்றார்.

பிறகு வேறு வேலையாகக் கெடாருக்குப் போனபோது அந்த மகனைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டான். "அந்தம்மா எங்கப்பா மூஞ்சியப் பார்க்கவே இல்ல சார்" என்றான். "என்னைத்தான் பார்த்துக்கினு இருந்தாங்க, திருடனைப் பார்க்கிற மாதிரி." அவன் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. அந்தப் பார்வையை நானும் பார்த்திருந்தேன். மனிதரை எதிரில் நிறுத்தி, அவருடைய துக்கத்தைத் தள்ளி வைத்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடும் பார்வை. அது என் வீட்டார் மேல் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் அக்காவைக் கொடுத்திருப்பது ஒலக்கூருக்குப் பக்கத்தில். மாமாவுக்குச் சொந்த நிலம், கிணறு, இரண்டு மாடு. அவரும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பேசிக்கொள்வது கிடையாது. மகளின் கல்யாணத்தில், பந்தலிலேயே, பலர் முன்னால், உனக்கு என்ன தெரியும், வாயை மூடு என்று மாமா அக்காவைச் சொன்னார். அக்கா மூடிக்கொண்டாள். மகள் புருஷனோடு ஓசூருக்குப் போன பிறகு வீட்டில் மூன்றாம் ஆளும் இல்லை. "சோறு ஆறிப்போவுது" என்று அக்கா மாட்டைப் பார்த்துச் சொல்வாள். "போட்டா தின்றதுக்கு வலிக்குதா?" என்று மாமா அதே மாட்டிடம் கேட்பார். சில சமயம் அக்கா எனக்குத் தொலைபேசி போட்டு, "உங்க மாமாவை பேங்குக்குப் போவச் சொல்லுடா" என்பாள். அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பது எனக்குக் கேட்கும். ஊருக்கெல்லாம் தெரியும். தெரியும் என்று யாரும் காட்டிக்கொள்வதில்லை. அக்காவுக்கு அது ஒரு மானப் பிரச்சினை.

ஒருநாள் காலை அவள் அழைத்தபோது, சொல்ல வந்ததை நேராகச் சொன்னாள். "மாமாவுக்கு வலது கை வுழுந்துடுச்சு. வாய் பேச வரல."

திண்டிவனத்தில் முதலில் ஒரு ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று பார்த்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். நான் மருத்துவமனை வாசலில் நின்றேன். ஆம்புலன்ஸிலிருந்து மாமாவை இறக்கினார்கள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சொல் எதுவும் இல்லை, ஓசை மட்டும் இருந்தது. அக்கா பின்னாலேயே இறங்கினாள். வழி முழுக்க ஓட்டுநர் அவளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

நரம்பியல் டாக்டர் இளைஞர். நடந்துகொண்டேதான் பேசுவார். "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?"

"காலையிலகூட நல்லா பேசினாரு சார். டீ கேட்டாரு. குடுத்துட்டுத் திரும்பறேன், இப்படி ஆயிடுச்சு. இப்பதான்."

என் அக்காவிடம் அவர் டீ கேட்டிருக்க முடியாது. மாட்டிடம் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நரம்பியல் டாக்டர் ஊசி மருந்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மாமாவை வழக்கமான படங்களுக்கு உள்ளே அனுப்பினார். சிறிது நேரத்தில் வக்கீலம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை. அக்காவின் எதிரில் வந்து நின்றார்.

"டீ கேட்டாராம்மா?"

"ஆமாம்மா."

"உங்களை என்னன்னு கூப்பிடுவாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"தம்பிய ஏன் பார்க்கறீங்க? பேர் சொல்லிக் கூப்பிடுவாரா, இந்தாம்பாரா, இல்ல ஏய்ம்பாரா? இன்னைக்கு டீ கேட்டப்போ எப்படிக் கூப்பிட்டாரு?"

"டீ வேணும்னு சொன்னாரு."

"யார்கிட்ட?"

அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் விடவில்லை. கெடாரில் அந்தப் பையன் சொன்ன பார்வை இதுதான்.

"படத்துல ரொம்ப நேரமான மாதிரி தெரியுதும்மா. நேரம் தப்பா இருந்தா இந்த ஊசியே அவரைக் கொன்னுடும். அவர் பேசி நீங்க கேட்டது எப்போ?"

"நாங்க பேசிக்கிறதில்லம்மா" என்றாள் அக்கா. வராந்தாவில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தத் தோன்றவில்லை போலிருக்கிறது. "பொண்ணு கல்யாணத்துலேர்ந்து. காலையில அவரு எழுந்து வரல. கோவத்துல படுத்துக்கினு இருக்காருன்னு நெனச்சேன். போய்ப் பார்க்கல."

டாக்டரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "வேற யார்கிட்டயாவது பேசினாரா?"

"ராத்திரி சாப்பிட்டுட்டு பொண்ணுகிட்ட போன்ல பேசினாரு."

மகளுக்கு நான் போன் போட்டேன். அப்பா நேற்றிரவு நன்றாகத்தான் பேசினார் என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பேசி யாரும் கேட்கவில்லை. கடைசியாக நன்றாக இருந்தது நேற்று இரவு என்று ஆகிவிட்டது. நரம்பியல் டாக்டர் செவிலியரைப் பார்த்துத் தலையசைத்தார். எடுத்து வைத்த ஊசி மருந்து திரும்பிப் போனதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யையே சொல்லிக்கினு இருந்திருக்கணும்டா" என்று என்னிடம் சொன்னாள்.

இன்னொரு வழி இருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி உறைவை இழுத்து எடுப்பது. புதுச்சேரியில் செய்கிறார்கள். நேரம் கடந்தவர்களையும் எடுத்துக்கொள்வார்கள், மூளையில் காப்பாற்றுவதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால் மட்டும். வழக்கமான படங்கள் இரண்டுங்கெட்டானாக இருந்தன. புதுச்சேரி மருத்துவர் தொலைபேசியில் தயங்கினார். ஆக்சிஜன் வரைபடத்தையும் எடுத்துப் பார்க்கிறேன் என்றார் வக்கீலம்மா.

"அது ரிசர்ச் மேடம். நேரம் புடிக்கும்" என்றார் நரம்பியல் டாக்டர். "அவங்க எடுத்தா எடுக்கட்டும்னு இப்பவே அனுப்பிடலாம்."

"நீங்க வண்டிக்குச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் எடுக்கறேன். வந்துட்டா பாதியில நிறுத்திடறேன்."

ஆனால் முதல் படங்களுக்கு அடங்கிக் கிடந்த மாமா இப்போது ஆடாமல் படுத்திருக்கவில்லை. தலையைச் சுற்றி மாட்டிய கூட்டை இடது கையால் இழுத்தார். தலையைப் புரட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையில் வந்த படம் ஈரத்தில் தேய்த்த மாதிரி கலங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு தளரும் என்பதால் அதில் யாருக்கும் விருப்பமில்லை. அவர் காதில் ஹெட்போன் இருந்தது. இந்தப் பக்கம் மேசையில் ஒரு மைக்.

அக்கா என் தோளைத் தொட்டாள். "டேய், அவரை ஆடாம இருக்கச் சொல்லு."

இத்தனை நாள் பழக்கம். நான் பொத்தானை அழுத்தி, "மாமா, கொஞ்ச நேரம் ஆடாம இருங்க" என்றேன். இடது கை மறுபடி கூட்டைப் பிடித்து இழுத்தது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"எம் பேச்சை அவரு என்னைக்குக் கேட்டாரு?"

"கேக்க வேணாம். காதுல வுழுந்தா போதும். ரொம்ப நாளா வுழாத குரலு. புதுசா இருக்கும். என்னன்னு கவனிப்பாரு."

அதில் இரக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வழி எது என்று பார்க்கிறவரின் குரல்தான் அது. எழுந்து தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தார்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். உதடு அசைந்தது. வெளியே வண்டி வந்துவிட்டதா என்று நரம்பியல் டாக்டர் யாரையோ கேட்பது காதில் விழுந்தது.

"தோ பாருய்யா" என்றாள் அக்கா. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டேன். எதிர் ஊட்ல பால் கறந்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். மோட்டார் நிறுத்தியாச்சு. நான் எங்கயும் போவல, இங்கதான் உக்காந்துக்கினு இருக்கேன். ஆடாத."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிறுத்தாதீங்க" என்றார்.

"கொல்லையில மல்லாட்டை பூ வெச்சிருக்கு, நீதான் பார்க்கணும். எனக்கு என்ன தெரியும். அத்தினி பேர் முன்னால நீயே சொன்னியே. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஆடாம படு, நான் சொல்றேன். அன்னைக்கு சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் நின்னுக்கினு இருந்தாங்க..."

கல்யாணப் பந்தலிலிருந்து ஆரம்பித்தாள். எந்திரத்தின் சத்தத்தில் பாதி எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் அழவில்லை. சண்டை போட்டாள். தள்ளிப்போட்ட சண்டை முழுவதையும் அந்த மைக்கில் போட்டாள். மாமாவின் இடது கை மார்பில் இறங்கிக் கிடந்தது. திரையில் படம் ஒவ்வொரு வரியாகத் தெளிந்தது. வண்டி வந்துவிட்டது என்று செவிலியர் வந்து சொன்னார். டாக்டர் கையை மட்டும் உயர்த்தினார். அந்தச் சில நொடி நரம்பியல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தம் நின்றது.

கொஞ்சம் இடம் செத்திருந்தது. அதைச் சுற்றிப் பெரிய பரப்பு, கிடைப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு உயிரோடு இருந்தது. டாக்டர் புதுச்சேரிக்குப் பேசினார். வழக்கமான படத்தில் என்ன தெரிகிறது, இந்தப் படத்தில் என்ன தெரிகிறது, எதை எவ்வளவு நம்பலாம் என்று தனித்தனியாகச் சொன்னார். காப்பாற்றுங்கள் என்று சொல்லவில்லை. அங்கே அனுப்புங்கள் என்றார்கள்.

அன்று மதியம் உறைவை எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து நன்றி சொல்லப் போனேன். அக்கா பேசியதால்தான் மாமா ஆடாமல் இருந்தார், அதனால்தான் படம் கிடைத்தது என்றேன். எழுதினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன்.

"களைச்சுப் போயும் அடங்கியிருக்கலாம் சார்" என்றார். "அந்தப் படம் இல்லன்னாலும் பாண்டியில எடுத்திருக்கலாம். எழுதாதீங்க."

வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமா என் தோளைப் பிடித்து நடந்தே உள்ளே வந்தார். வலது கை இன்னும் கனம். பேச்சு சரியாக வரவில்லை. தண்ணீர் என்று நினைத்துச் சோறு என்பார். பல நேரம் அதுவும் வராது, கோபத்தில் தொடையைத் தட்டுவார். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. நிலத்தையும் மாட்டையும் அக்கா பார்த்துக்கொண்டாள். அவள் கேட்டதெல்லாம் பேச்சு ஒன்றைத்தான்.

"எப்படிப் பேசறாரு?" என்று டாக்டர் அக்காவைக் கேட்டார்.

"எல்லாம் பேசறாரும்மா. நல்லா பேசறாரு."

டாக்டர் அக்காவை விட்டுவிட்டு மாமாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மாமா வாயைத் திறந்தார். அக்கா உதட்டை அசைத்துக் காட்டப் பார்த்தாள். டாக்டர் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தார். வெகுநேரம் போனது. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"கூ... கூழு."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "கூழா?"

கிளம்புவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டிருந்தேன். இட்லி. அக்கா கண்ணிமைக்காமல், "ஆமாம்மா, கூழுதான்" என்றாள்.

"கேப்பைக் கூழா, கம்பங்கூழா?"

"கேப்பைக் கூழு."

"தொட்டுக்க?"

"மோர் மொளகா. அவருதான் சொல்றாரு இல்ல. எங்க ஊட்ல இன்னைக்கு கூழுதான்."

மாமா தொடையைத் தட்டினார். மறுபடி தட்டினார். தலையை இல்லை என்று ஆட்டினார். அக்காவின் பக்கம் உடம்பைத் திருப்ப முயன்றார், நான் பிடித்துக்கொண்டேன். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

"பொய்" என்றார். மூச்சு வாங்கினார். "பொய்... சொல்றா. இட்... இட்லி."

அக்கா அவரையே பார்த்தாள்.

"ஆமாய்யா" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து. "நீதான் பெரிய அரிச்சந்திரன். உனக்காகப் பொய் சொன்னா, என்னையே மாட்டி வுடறியா?"

"எத்... எத்தினி பொய்," என்று மாமா ஆரம்பித்தார். அடுத்த சொல் கிடைக்காமல் திணறினார். அக்கா எடுத்துக் கொடுக்கவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சொல்லு, சொல்லு" என்று காத்திருந்தாள்.

வெளியே பெயர் சொல்லிக் கூப்பிடும் செவிலியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நோயாளி வந்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டார்.

"கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க" என்றார். "இவங்க பேசிக்கினு இருக்காங்க."